தம்பிக்கு வைத்திருந்த சிறுநீரகமும் நான் மறைத்த உபவாசமும்

உழவர்கரையில் மாவுக்கடை வைத்திருக்கும் சுகந்தி எழுதுகிறேன். சபையார் எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். என் கையில் மைக் கிடைத்தால் லேசில் கீழே வைக்கமாட்டேன் என்று பாஸ்டரம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான், "நீ எழுதியே குடுத்துடும்மா" என்றார். எழுதுகிறேன். இதில் ஆண்டவர் செய்த நன்மையும் இருக்கிறது, நான் செய்த முட்டாள்தனமும் இருக்கிறது. இரண்டையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

என் தம்பி தேவாவுக்கு முப்பத்தாறு வயதில் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. கூடப் பிறந்தவன் என்று எனக்கு இருப்பது அவன் ஒருவன்தான். ஏசி மெக்கானிக். முதல் வகுப்பு படிக்கிற மகள் அவனுக்கு. கால் வீங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவனை அன்றைக்கே படுக்க வைத்துவிட்டார்கள். பல வருஷமாக ரத்தக் கொதிப்பு இருந்திருக்கிறது, அவன் பார்த்துக்கொள்ளவே இல்லை. அதிலிருந்து செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். இரண்டு வருஷம் அப்படியே ஓடியது.

ஊசி குத்துவது, மயக்கம் வருவது எல்லாம் அவன் பொறுத்துக்கொண்டான். தாகத்தைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. சிறுநீர் போகாத உடம்புக்குத் தண்ணீர் ஆகாது. ஒரு நாளைக்கு மூன்று டம்ளர், அதற்குள்ளேயே காப்பி, குழம்பு எல்லாம் அடங்க வேண்டும். எங்கள் ஊர் மே மாத வெயில் உங்களுக்குத் தெரியும். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, துப்பிய தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

போன வருஷம் ஏப்ரலில் அதுவும் மோசமானது. டயாலிசிஸ் செய்யக் கையில் ரத்தக்குழாயை இணைத்து வைத்திருந்தது இரண்டு முறை அடைத்துக்கொண்டது. கழுத்தில் வலது பக்கம் குழாய் போட்டார்கள், அடைத்தது. இடது பக்கம் போட்டார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதுவும் போச்சுன்னா அடுத்து எங்க போடறதுன்னு எங்களுக்கே தெரியலம்மா. சீக்கிரம் மாற்று சிறுநீரகம் வச்சிடணும்" என்றார். மெஷின் இல்லாமல் அவன் எத்தனை நாள் இருப்பான் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

அம்மாவுக்குச் சர்க்கரை. தேவாவின் மனைவிக்கு ரத்த வகை சேரவில்லை. எனக்குச் சேர்ந்தது. எனக்கு நாற்பத்து மூன்று வயது, கொதிப்பு இல்லை, சர்க்கரை இல்லை. "எடுத்துக்குங்க சார், ரெண்டுல ஒண்ணுதான" என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் அப்படிச் சொல்லவில்லை. அவருடைய பெரியப்பா ரொம்ப வருஷத்துக்கு முன்னால் தன் மகனுக்குச் சிறுநீரகம் கொடுத்தவர். முதுகுப்பக்கம் விலாவுக்குக் கீழே தொடங்கி முன்வயிறு வரை அறுத்து எடுத்தார்களாம். அதற்குப் பிறகு அவர் ஒரு குடம் தூக்கியதில்லை, இருமினால்கூடப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருமுவார். இவர் அந்தத் தழும்பைச் சின்ன வயதில் பார்த்து வளர்ந்தவர்.

"இவ அரிசி மூட்டைய தன்னந்தனியா எறக்குறவ மேடம். கிரைண்டர் கல்ல இவதான் கழுவுறா. இவள அந்த மாரி கிழிச்சிட்டீங்கன்னா எங்க குடும்பம் என்னா ஆவறது?" என்று அறுவை சிகிச்சை டாக்டரம்மாவிடம் நேருக்கு நேராகக் கேட்டார்.

அந்த அம்மா கோபப்படவில்லை. ஒரு தாளை எடுத்து வயிறு போல வரைந்து காட்டினார். இப்போது அப்படி அறுப்பதில்லையாம். வயிற்றில் மூன்று நான்கு சின்னத் துளை. ஒன்றில் கேமரா, மற்றதில் கருவிகள். வயிற்றுக்குள் காற்றை நிரப்பி இடம் உண்டாக்கி, டிவியில் பார்த்துக்கொண்டே சிறுநீரகத்தைப் பிரித்து, ஒரு பைக்குள் போட்டு, அடிவயிற்றில் சின்னதாகக் கீறி வெளியே எடுத்துவிடுவார்களாம். "உங்களுக்கு சிசேரியன் பண்ணுன தழும்பு இருக்குல்ல, அந்தக் கோட்டு வழியாவே எடுத்துடலாம். மறுநாள் நடப்பீங்க. ஒரு மாசம் ஒண்ணரை மாசம் வெயிட் தூக்காதீங்க, அப்புறம் பாத்துப் பழகிக்கலாம்" என்றார்.

இவர் விடவில்லை. "உள்ள ரத்தம் வந்துடுச்சின்னா?"

"வந்தா தெறந்துடுவோம். அதுக்கும் சேத்துதான் கையெழுத்து வாங்குறோம். பொய் சொல்ல மாட்டேன், அந்த ஆபத்து கொஞ்சம் இருக்கு."

அந்த 'கொஞ்சம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு இவர் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் தேவாவை மெஷினில் பார்த்துவிட்டு வந்து, "சரி, குடு" என்றார். உறுப்பு தானத்துக்கு அனுமதி கொடுக்கிற குழு முன்னாலும் போய் உட்கார்ந்தோம். யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார்கள். "என்ன வற்புறுத்துறதுக்கு ஒருத்தன் பொறந்து வரணும் சார்" என்றேன். சிரித்துவிட்டார்கள். மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையை ஆபரேஷனுக்குக் குறித்துக் கொடுத்தார்கள். அதற்கு முந்தின புதன்கிழமை எனக்குக் கடைசி ரத்தப் பரிசோதனை.

இனி சொல்லப்போவதுதான் வெட்கம்.

நான் உபவாசம் எடுத்தேன். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள். சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. பாஸ்டர் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை. என் தம்பி தாகத்தில் கிடக்கிறான், நானும் கிடந்தால் ஆண்டவர் இரங்குவார் என்று நானே முடிவு செய்தேன். உபவாசம் இருப்பவர் ஊருக்குக் காட்டக்கூடாது, தலைவாரி முகம் கழுவிச் சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று நமக்குக் கற்பித்திருக்கிறார்கள் அல்லவா? அதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் கடையில் சாப்பிட்டேன் என்றேன், கடையில் வீட்டில் சாப்பிட்டேன் என்றேன். செவ்வாய்க்கிழமை அந்த வெயிலில் பெரிய மார்க்கெட்டுக்குப் போய் உளுந்து வாங்கி வந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "ஆண்டவரே, இது தேவாவுக்காக" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. புதன்கிழமை காலை அப்படியே போய் ரத்தம் கொடுத்தேன்.

வியாழக்கிழமை டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். முன்னால் எடுத்த ரிப்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கிரியாட்டினின் என்று ஒரு அளவு. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அதுதான் சொல்லும். எனக்கு அது ஒன்றுக்குக் கீழே இருந்தது. இப்போது ஒன்றரையைத் தாண்டியிருந்தது.

"வலி மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

"இல்ல சார்."

"வாந்தி, பேதி?"

"இல்ல சார்."

"சாப்பாடு, தண்ணியெல்லாம் சரியா எடுத்துக்கறீங்களா?"

ஒரு விநாடி யோசித்தேன். சொன்னால் உபவாசத்தின் பலன் போய்விடும் என்று நினைத்தேன். "எடுத்துக்கறேன் சார்" என்றேன்.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உங்ககிட்டருந்து எடுக்க முடியாதும்மா. உங்க கிட்னியே சரியா வேலை செய்யலன்னு இது காட்டுது. செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் கெடையாது. சனிக்கிழமை இன்னொரு தடவ ரத்தம் குடுங்க. அதுலயும் இப்படியே இருந்தா உங்க பேர எடுத்துடுவேன்."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் அன்று கூட வந்திருந்தார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சிக்க சுகந்தி. உன் ஒடம்புலயே கோளாறு இருக்குதாமே" என்றார். அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அவன் செத்தா உங்களுக்கு நிம்மதியா?" என்று அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டேன். பாவம், அவர் வண்டியை எடுக்கப் போனார்.

வீட்டுக்கு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முழங்கால் போட்டேன். அது ஜெபம் இல்லை, சண்டை. "நான் என்னா கேட்டேன், நீர் என்னா குடுக்கறீர்? மூணு நாள் பச்சத்தண்ணி பல்லுல படல. அதுக்கு இதுதான் பதிலா? என்கிட்ட இருந்த ஒண்ணையும் கெடுத்துட்டீரா?" என்று அழுதேன். ஒரு பதிலும் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? திரும்பவும் உபவாசம் எடுத்தேன்! வியாழன் சாயங்காலம் தொடங்கி, சனிக்கிழமை ரத்தம் கொடுக்கும்வரை. வேறு வழி எனக்குத் தெரியவில்லை. கதவு திறக்காவிட்டால் இன்னும் ஓங்கித் தட்ட வேண்டும் என்றுதானே நினைப்போம்?

சனிக்கிழமை காலை. தேவாவுக்கும் அன்று டயாலிசிஸ். இவர் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், நான் ரத்தம் கொடுக்கப் போனேன். அங்கே ரத்தம் எடுக்கும் பெண் பெயர் ரெஹானா. இந்த ஊர்ப் பெண்தான், அவள் அப்பா துணிக்கடை வைத்திருக்கிறாராம். புதன்கிழமையும் அவள்தான் எடுத்தாள். ரப்பரைக் கட்டிவிட்டு முழங்கையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, நரம்பே கெடைக்க மாட்டேங்குது. அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சி. தண்ணி குடிக்கிறீங்களா?"

"குடிக்கிறேம்மா."

ஒரு வழியாக ஊசி ஏறியது. கறுப்பாக, கெட்டியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்: "நோன்பா இருக்கீங்களாக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நாங்க சர்ச்சுக்குப் போறவங்கம்மா" என்றேன்.

"இருக்கட்டுமே. நோன்பு மாசத்துல சாயங்காலம் எங்க அம்மா உதடு இப்படித்தான்க்கா வெடிச்சிருக்கும். வாய் வாசனையும் இதேதான். நாங்களாவது பொழுது சாஞ்சா தண்ணி குடிச்சிடுவோம். நீங்க நாள் கணக்கா இருக்கற மாரி இருக்குது."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்று பஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

டயாலிசிஸ் அறையில் மெஷின் கத்திக்கொண்டிருந்தது. தேவாவின் கழுத்துக் குழாயில் ரத்தம் ஓடவில்லை. நர்ஸ் மருந்தை ஏற்றிப் பார்க்கிறாள், தலையைத் திருப்பச் சொல்கிறாள், மறுபடி மெஷின் கத்துகிறது. இவர் தேவாவின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். தேவா கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தான்.

"ரத்தம் குடுத்துட்டியாக்கா?"

"குடுத்துட்டேன்டா."

"நல்லா வரும்க்கா. நீ பொய் சொல்லாதவ, ஆண்டவர் உன்ன கைவிட மாட்டாரு."

அந்த வார்த்தை என்னை அறைந்தது. உபவாசம் தொடங்கின நாளிலிருந்து நான் எத்தனை பொய் சொன்னேன்? டாக்டரிடம், வீட்டுக்காரரிடம், இப்போது அந்தப் பெண்ணிடம். ஆண்டவர் பதில் சொல்லவில்லை என்று அழுதேனே, இரண்டு நிமிஷத்துக்கு முன்னால்தான் ஒருத்தி என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். அதைவிட வேறு எப்படிக் கேட்பார்?

திரும்பி ஓடினேன். "ரெஹானா, அந்த ரத்தத்த அனுப்பாதம்மா. நீ சொன்னது நெசம். நான் பச்சத்தண்ணி குடிக்கல."

அவள் திட்டவில்லை. என் கையைப் பிடித்து டாக்டர் அறைக்குக் கூட்டிப்போனாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு சத்தம் போட்டார் பாருங்கள், அறைக்கு வெளியே வரிசையில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"நான் கேட்டேன்ல? தண்ணி சரியா குடிக்கிறீங்களான்னு கேட்டேன்ல? உங்க பேர இன்னிக்கே எடுத்திருப்பேன். உங்க தம்பிக்கு வேற யாரும்மா இருக்கா? ஜெபம் பண்ணுங்க, வேணாங்கல. தண்ணி குடிச்சிட்டுப் பண்ணுங்க!"

ரெஹானா ஒரு பாட்டிலை என் கையில் கொடுத்தாள். டாக்டர் முன்னாலேயே குடித்தேன். அழுகையும் தண்ணீரும் சேர்ந்து புரையேறியது.

"மடமடன்னு குடிக்காதீங்க, கொஞ்சம் கொஞ்சமா" என்று டாக்டர் அதட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தண்ணி இல்லாததால மட்டும் ஏறுச்சா, இல்ல நெசமாவே கிட்னிக்கு ஏதாவது ஆயிடுச்சான்னு இப்ப என்னால சொல்ல முடியாது. ஒழுங்கா சாப்பிட்டு, தண்ணி குடிச்சி, வர்ற வியாழக்கிழம வாங்க. பாப்போம்."

அந்த ஐந்து நாளை என் ஆயுளுக்கும் மறக்கமாட்டேன். கெடுத்துவிட்டேனோ என்ற பயம் என்னைத் தின்றது. என் தம்பிக்கு இருந்த ஒரே வழியை என் கையாலேயே அடைத்துவிட்டேனோ? வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "படிக்கட்டுல நீ கத்துனது நியாயந்தான். எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியாதான் இருந்துச்சி" என்று அவரும் ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து மணிக்கு ஒரு டம்ளர் என்று அவரே ஊற்றிக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை தேவாவின் கழுத்துக் குழாய் அடியோடு அடைத்துப்போனது. தொடையில் ஒரு குழாய் போட்டார்கள். இது எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் சொல்லவில்லை.

நான் ஜெபித்தேன். இந்த முறை சண்டை போடவில்லை. "ஆண்டவரே, நான் பொய் சொன்னேன். என்ன அடியும், பொறுத்துக்குவேன். அவன விட்டுடும்" என்பது மட்டும்தான் ஜெபம்.

வியாழக்கிழமை ரிப்போர்ட். பழைய அளவுக்கே இறங்கியிருந்தது. டாக்டர் நம்பவில்லை, திங்கட்கிழமை இன்னொரு தடவை எடுத்தார். அதிலும் சரி. "குடுக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அங்கேயே தரையில் முழங்கால் போட்டுவிட்டேன். "எழுந்திரிங்கம்மா, வெளிய ஆளுங்க இருக்காங்க" என்று அவர் பதறினார்.

அதே வாரம் வெள்ளிக்கிழமை காலை என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரர் என் கையை விடவே இல்லை, நர்ஸ்தான் பிரித்துவிட்டாள். மயக்க மருந்து ஏறும்போது, திறக்க வேண்டி வந்தால் இவர் என்ன ஆவாரோ என்று நினைத்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். மூன்று மணி நேரம் ஆகும் என்றார்களாம், மூன்றும் தாண்டிவிட்டது. நான்காவது மணியும் நெருங்கியபோது கதவு திறந்து, "சுகந்தி வீட்டுக்காரர் யாரு?" என்று ஒரு குரல். இவருக்குப் பெரியப்பாவின் தழும்புதான் கண் முன்னால் வந்ததாம். உட்கார்ந்தபடியே கையைத் தூக்கினாராம். "கிட்னி எடுத்தாச்சி, பக்கத்து தியேட்டருக்குப் போயிடுச்சி. உங்க வீட்டம்மாவுக்குத் தையல் போட்டுக்கிட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் கதவு மூடிக்கொண்டது.

எனக்கு நினைவு வந்தபோது வயிற்றைவிடத் தோள்பட்டைதான் வலித்தது. "தோள்ல எதுக்கு அறுத்தாங்க?" என்று கேட்டேன். நர்ஸ் சிரித்துவிட்டாள். வயிற்றில் நிரப்பின காற்று அப்படித்தான் தோளில் வலிக்குமாம், இரண்டு நாளில் போய்விடுமாம். இவர் வந்து நின்றார்.

"தெறந்துட்டாங்களா?"

"இல்ல. நாலு ஓட்டதான். கீழ உன் பழைய தழும்பு வழியாவே எடுத்துட்டாங்க."

"தேவாவுக்கு?"

இவருக்கு உதடு துடித்தது. எனக்கு உயிர் போய் வந்தது. "அங்க வச்சி ரத்தம் விட்ட ஒடனே சிறுநீர் வந்துடுச்சாம் சுகந்தி. பை நெறையுது, மாத்தறாங்க, மறுபடியும் நெறையுதாம்."

இரண்டு வருஷமாகப் போகாத சிறுநீர்! ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று கத்தினேன். சிரித்தால் தையல் இழுத்தது, அழுதாலும் இழுத்தது. மூத்திரத்துக்காக ஆண்டவரைத் துதித்தவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மறுநாள் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு நடந்தேன். நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். போகும் முன் தேவாவைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். நர்ஸ் அவனை, "இன்னும் குடிங்க சார், பத்தாது" என்று விரட்டிக்கொண்டிருந்தாள். அவன் தண்ணீர் பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டே இருந்தது.

இப்போது ஒரு வருஷம் ஆகிறது. தேவா வேலைக்குப் போகிறான். நான் ஒன்றரை மாதம் கல்லாவில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, டாக்டரம்மா சரி என்ற பிறகு கிரைண்டர் பக்கம் போனேன். மூட்டையை மட்டும் இவர் தொடவிடுவதில்லை. ரெஹானா மாவு வாங்க வருவாள். அவளுக்கு எப்போதும் ஒரு கரண்டி கூடப் போடுவேன்.

இன்றைக்கும் நான் உபவாசம் இருக்கிறேன், டாக்டரிடம் கேட்டுவிட்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு. இதை வாசிக்கிறவர்களில் யாராவது என்னைப்போல மூலையில் முழங்கால் போட்டு அழுதுகொண்டிருந்தால், விடாதீர்கள், கேளுங்கள். அவர் கேட்கிறார். ஆனால் வைத்தியம் பார்க்கிறவரிடம் எதையும் ஒளிக்காதீர்கள். பதில் எந்த மனுஷர் வாய் வழியாக வரும் என்று நமக்குத் தெரியாது.

இதை எழுதி முடித்ததும் தேவாவிடம் படிக்கக் கொடுத்தேன். உபவாச விஷயம் அவனுக்கு இதுவரை தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. படித்து முடித்துத் தாளை மடித்து என் கையில் கொடுத்தான்.

"ஏன்க்கா அப்படிப் பண்ண? என்னாலதான் குடிக்க முடியல. எனக்கும் சேத்து நீ குடிச்சிருக்கக் கூடாதா?" என்றான்.

வாயாடி என்று பேரெடுத்த நான், அவன் தலையில் கையை வைத்து, "ஆண்டவரே, உமக்கு நன்றி" என்று மட்டும் சொன்னேன்.